மும்பைக் கடலோரத்தில் பறவை பார்க்க: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் பறவை பார்க்கப் போரிவலி தேசியப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று நம்மவர்கள் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹார்பர் லைன் ரயிலில் ஏறினாலே போதும். செம்பூர், மாட்டுங்கா, தாராவி, நெருல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முதல்முறை கூட வரும்போது கேட்கிற கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன். பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் தருகிறேன். கரையில் நிற்கும் மற்றவர்கள் ஆங்கிலப் பெயரில்தான் பேசுவார்கள் என்பதால் தேவையான இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

குளிர்காலப் பறவை என்றால் டிசம்பர்தானே? ஏன் பிப்ரவரி, மார்ச் என்கிறீர்கள்?

டிசம்பரிலும் பறவை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் என்றால் நான் மார்ச்சைத்தான் எடுப்பேன்.

முதலில் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. மும்பைக்கும் நவி மும்பைக்கும் நடுவே உள்ளே புகுந்திருக்கும் கடல்கழிதான் 'தானே கிரீக்'; அங்கே நவம்பர் வாக்கில் வரத் தொடங்கும். மழை நீண்டுபோன வருடத்தில் இன்னும் தாமதமாகும். கூட்டம் சேர்ந்து சேறு முழுக்கப் பரவ ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். அப்புறம் மே வரை கவலையில்லை.

அடுத்தது நிறம். குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் பழுப்புமாகத் திரியும் கரைப்பறவைகள், வடக்கே கிளம்புமுன் இனப்பெருக்கக் கால இறகுக்கு மாறும். டிசம்பரில் வளைமூக்கு உள்ளானை, அதாவது கர்லூ சாண்ட்பைப்பரை, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் அதே பறவையின் மார்பில் செங்கல் நிறத் திட்டுகள் எட்டிப் பார்க்கும். ஏப்ரல் நடுவில் முகத்திலிருந்து வயிறு வரை சிவந்துவிடும். கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் துரு நிறமாகும். பசிபிக் பொன் உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கறுத்து, முதுகில் பொன் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். பாதி மாறிய பறவை, முழுதும் மாறிய பறவை, இன்னும் மாறவே தொடங்காதது என எல்லாம் ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் மேயும். சில வாரங்களில் இவற்றில் பல சைபீரியாவின் வடகோடிக்குப் போய்விடும்.

கடைசியாகக் காற்று. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் நகரத்தின் மேல் புகைமூட்டம் படுத்துக்கிடக்கும். பறவை பார்க்க நாம் போகும் செவ்ரிக் கரையில் நின்றால் எதிரே இருக்கும் ட்ராம்பே குன்றே சில நாள் மங்கித்தான் தெரியும். பிப்ரவரி பாதிக்கு மேல் அந்தத் தொந்தரவு மெல்லக் குறையும்.

எத்தனை மணிக்குப் போகணும்? விடிகாலையிலா?

வேடந்தாங்கல் என்றால் விடிகாலை என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படி நிலையான மணி கிடையாது. கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். "போனோம், ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தப்பான நேரத்தில் போனவர்கள்தான்.

லோ டைட்டில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். பறவைகளும் தண்ணீரின் விளிம்போடு போய்விடும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள். ஹை டைட்டில் சேறே மூழ்கிவிடும், நிற்க இடமில்லாமல் அவை வேறு இடம் தேடிப் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில்தான் நமக்கு வேலை. ஹை டைட்டுக்கு 3 மணி நேரம் முன்பே போய் நின்றுவிட்டால், ஏறிவரும் தண்ணீர் பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இறங்கும்போதும் இதே கதை, திசை மட்டும் தலைகீழ். முதலில் வெளிவருவது கரையை ஒட்டிய சேறு, பசித்த பறவைகள் உடனே வந்து இறங்கும்.

டைட் டேபிள் எல்லாம் பார்த்துப் பழக்கமில்லையே?

வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அதில் திதி இருக்கும், அது போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று ஹை டைட் ஏறக்குறைய நண்பகல் 12 மணியை ஒட்டி வரும், இன்னொன்று நள்ளிரவில். அதன்பின் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். அஷ்டமி வாக்கில் காலை 6, மாலை 6 என்று வந்து நிற்கும்.

ஆக, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு என்றால் காலை 9 மணிக்குச் செவ்ரியில் இருங்கள். பத்தரை, பதினொன்று வரை அருமையாக இருக்கும். பஞ்சமி என்றால் ஹை டைட் பிற்பகல் 4 மணிவாக்கில், எனவே காலையில் போய்ப் பயனில்லை. ஒரு மணி, ஒன்றரைக்குப் போகலாம், ஆனால் மார்ச் வெயில் மண்டையைப் பிளக்கும். அஷ்டமியன்று தண்ணீர் இறங்கும் காலை 8, 9 மணிக்குப் போகலாம். ஆனால் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் குறைவு, பறவைகள் அவ்வளவு நெருங்கி வராது.

இது குத்துமதிப்புக் கணக்குதான். கிளம்புமுன் ஃபோனில் 'அப்பல்லோ பந்தர்' டைட் நேரத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பாண்டுப், ஏரோலி எல்லாம் கிரீக்கின் உள்ளே இருப்பதால் அங்கே தண்ணீர் இன்னும் கொஞ்சம் தாமதித்துத்தான் ஏறும். கோளி மீனவர் யாராவது கண்ணில் பட்டால் 'பர்தி (மராத்தியில் ஹை டைட்) எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள், அதைவிடச் சரியான பதில் எங்கும் கிடைக்காது.

செவ்ரிக்கு எப்படிப் போவது?

ஹார்பர் லைனில் செவ்ரி ஸ்டேஷன், கிழக்குப் பக்கம் இறங்குங்கள். அங்கிருந்து ஜெட்டி வரை துறைமுகச் சாலை. லாரிகளும் டேங்கர்களும் போகிற, புழுதி பறக்கிற சாலை. நடக்கலாம், இல்லாவிட்டால் டாக்ஸி. சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோ ஓடாது என்பது மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நெருலிலிருந்து வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெட்டியில் பழைய படகுகள் சாய்ந்து கிடக்கும். அவற்றுக்கு அப்பால் சேறு. கழிப்பறை கிடையாது, நிழலும் இல்லை, நாய்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி மாலை வரை இழுக்கும். போகும்போது வண்டி இருக்கும், திரும்பும்போது இருக்காது.

பசிக்கு வழி உண்டு. திரும்பும்போது கோரேகாவ் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் வடாலாவுக்கு அடுத்தது கிங்ஸ் சர்க்கிள். இறங்கி நடந்தால் மாட்டுங்கா இட்லி, காபி. எங்கள் கூட்டத்தில் சிலர் இதற்காகவே வருகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

அடல் சேதுவில் காரை நிறுத்திப் பார்க்கலாமா?

கூடாது. 2024 ஜனவரியில் திறந்த அந்தப் பாலம் செவ்ரி சேற்றின் மேலேதான் தொடங்குகிறது, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பாலத்தில் நிறுத்தினால் அபராதம். பின்னால் வரும் வண்டிகளின் வேகத்தில் ஆபத்தும்கூட.

நெருல், வாஷி பக்கம் இருக்கிறோம். செவ்ரி வரை வரணுமா?

வேண்டாம், நீங்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். சீவுட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் என்ஆர்ஐ காம்ப்ளெக்ஸ் பின்னால் டி.எஸ். சாணக்கியா நீர்நிலை, அந்தப் பக்கமே டிபிஎஸ் ஏரி. இங்கே கணக்கு செவ்ரிக்கு நேர் எதிர். கிரீக்கில் ஹை டைட் வந்து சேறு மூழ்கியதும் பறவைகள் ஒதுங்க வருவது இந்த மாதிரி ஆழமில்லாத குட்டைகளுக்குத்தான். ஆகவே ஹை டைட் நேரத்தில் போங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் முதலில் செவ்ரி, தண்ணீர் ஏறியதும் வண்டி பிடித்துச் சீவுட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

குட்டைதானே, நிரப்பி வீடு கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஹை டைட்டில் ஒதுங்க இடமில்லாவிட்டால் லோ டைட்டில் எவ்வளவு சேறு இருந்தும் பறவை தங்காது. 2024 ஏப்ரலில் டிபிஎஸ் ஏரிக்குக் கடல்தண்ணீர் வரும் வழி அடைபட்டு ஏரி வறண்டபோது அங்கே பூநாரைகள் செத்தன. அடுத்த மாதமே காட்கோபருக்கு மேலே இரவில் பறந்த ஒரு கூட்டம் தரையிறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் மோதி 30-க்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது.

வாஷியிலிருந்து மான்குர்டுக்கு வண்டியில் போகிறவர்கள், கிரீக் பாலத்தின் மேல் ஃபோனிலிருந்து தலையை எடுத்து வெளியே ஒரு பார்வை பாருங்கள். லோ டைட்டாக இருந்தால் டிக்கெட் காசிலேயே பூநாரை.

ஏரோலியில் படகு விடுகிறார்களாமே?

ஆமாம். வனத்துறையின் அலையாத்திப் பிரிவு நடத்தும் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து விடுகிறார்கள். தானே கிரீக் 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 17 சதுர கிலோமீட்டர். 2022-ல் ராம்சர் தலமும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமும் ஆனது. படகு நேரமும் டைட்டைப் பொறுத்துத்தான், தினமும் மாறும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள், சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கமிருந்தும் படகு உண்டு. அங்கே அலையாத்திக் காட்டை ஒட்டிய பாதையில் நடப்பதும் நன்றாக இருக்கும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்துபோகும், தலைக்கு மேல் கரும்பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும்.

அம்மா, அப்பாவை, முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போவதென்றால் படகுதான் என் சிபாரிசு. சின்னப் பிள்ளைகளுக்கும் அதுவே. செவ்ரியில் பத்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் கூந்தன்குளத்திலும் பூநாரை வருமே, அதுதானா இது?

தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் அதிகம், ஆகவே இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கூந்தன்குளம், கோடியக்கரை, பழவேற்காட்டில் நாம் பார்ப்பது பெரும் பூநாரை. உயரம், உடம்பு வெளுப்பு, அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. மும்பையில் அதுவும் உண்டு, ஆனால் கூட்டத்தில் பெரும்பங்கு சிறு பூநாரை. உயரம் குறைவு, நிறம் தூக்கல். அலகு கருஞ்சிவப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் முழுக் கறுப்பாகவே தோன்றும். இரண்டும் பக்கத்தில் நின்றால் குழப்பமே வராது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமில்லை, இன்னும் நிறம் ஏறாத இளசுகள்.

இவை குஜராத்திலிருந்து வருபவை. கட்ச் ரண்தான் இனப்பெருக்கத்துக்குப் பேர்போன இடம். 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 2022-ல் சில பூநாரைகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டி விட்டது. அவை மழைக்காலத்தில் குஜராத் பக்கம் போனது அதில் தெரிந்தது. கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருவதும் இதே கழகம்தான்.

மார்ச்சில் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கூட்டம் மட்டும் நெருக்கமாகச் சேர்ந்து, கழுத்தை விறைத்து நீட்டி, தலையை இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பியபடி ஒரே திசையில் விறுவிறுவென்று நடக்கும். சட்டென்று மொத்தக் கூட்டமும் திரும்பி வந்த வழியே நடக்கும். இது ஜோடி சேர்வதற்கான ஆட்டம்.

இவ்வளவு நாற்றமடிக்கும் சேற்றில் அதற்கு என்ன கிடைக்கிறது?

பாசி. சிறு பூநாரையின் முக்கிய உணவு நீலப்பச்சைப் பாசி. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் சல்லடை போலப் பாசியை மட்டும் பிடித்துக்கொள்ளும். ரோஜா நிறமும் இந்த உணவிலுள்ள நிறமியிலிருந்துதான் வருகிறது.

நகரத்துச் சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். நாம் கழித்துவிட்டதில்தான் அவை கொழிக்கின்றன என்று சொல்லிச் சிலர் பெருமைப்படுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கழிவு கூடிக்கொண்டே போனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். சேற்றிலுள்ள புழு, நண்டு, நத்தை சாகும். அவற்றைத் தின்னும் மற்ற பறவைகள் எங்கே போகும்?

பூநாரை தெரிகிறது. மற்றதெல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறதே?

எல்லோருக்கும் வரும் மலைப்பு இது. நிறத்தை விட்டுவிடுங்கள். அளவு, அலகு, கால், மேயும் விதம் ஆகிய நான்கையும் பாருங்கள்.

குருவி அளவில், கறுப்புக் காலோடு, நிற்காமல் ஓடி ஓடிச் சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டே இருந்தால் அது கொசு உள்ளான். ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும் என்றால் உப்புக்கொத்தி. அதன் அலகு குட்டை, கண் பெரிது. கண்ணால் இரையைத் தேடுகிற பறவை என்பதால்தான் அந்த நின்று நின்று ஓடும் ஓட்டம். நீண்ட நேரான அலகை, முகம் சேற்றில் படும் அளவுக்கு இறக்கித் துழாவினால் கருவால் மூக்கன், அதாவது பிளாக்-டெய்ல்டு காட்விட். அலகின் அடிப்பாகம் ரோஜா நிறம். பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப்பட்டையும் கறுத்த வாலும் தெரியும். செவ்ரியில் இவை பெருங்கூட்டமாக இருக்கும், திடீரென்று ஒட்டுமொத்தமாகக் கிளம்பித் திரும்பும்போது அந்த வெள்ளைப் பட்டைகள் ஒரே சமயத்தில் மின்னும்.

அலகு கீழ்நோக்கி வளைந்து நம்ப முடியாத நீளத்தில் இருந்தால் பெரிய கோட்டான். மேல்நோக்கி வளைந்திருந்து, அதைத் தண்ணீரில் இடவலமாக வீசி வீசி மேய்ந்தால் கோணமூக்கு உள்ளான். கறுப்பு வெள்ளையில் இருப்பதால் தவறவே விடமாட்டீர்கள். மெலிந்த நீளமான சிவப்புக் கால்கள் என்றால் நெடுங்கால் உள்ளான். முதல் நாளைக்கு இவ்வளவு தெரிந்தால் யதேஷ்டம்.

மேற்குக் கடற்கரையில் ஒன்றும் இல்லையா? ஜூஹு, பாந்த்ரா?

உண்டு, ஆனால் கூட்டம் வருமுன் போக வேண்டும். ஜூஹு, வெர்சோவா, ஆக்சா மணலில் கடற்காகங்களும் (ஸீகல்) ஆலாக்களும் (டெர்ன்) உட்கார்ந்திருக்கும். பாந்த்ரா கார்ட்டர் ரோடு பாறைகளில் லோ டைட் சமயம் கரைக்கொக்கைப் பாருங்கள். கருஞ்சாம்பல் உடம்பு, தொண்டை மட்டும் வெள்ளை. முழு வெள்ளையிலும் அதே இனம் உண்டு.

கடற்காகத்தைக் கிட்டத்தில் பார்க்க கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் லாஞ்சுப் படகைவிட நல்ல இடம் இல்லை. மேல்தளத்தில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே பறந்து வரும். கண் வெளுத்து, சிறகு நுனிக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலைக் கடற்காகம். கண் கறுத்து, உருவமும் சிறுத்து, சிறகின் முன்விளிம்பு வெள்ளையாக இருந்தால் கருந்தலைக் கடற்காகம். ஜனவரியில் இரண்டுக்கும் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். பிப்ரவரி கடைசியில் அந்தப் பொட்டு கலைந்து பரவத் தொடங்கும். மார்ச்சில் முழுத்தலையும் சாக்லெட் நிறம். அந்தத் தலையோடு பழுப்புத்தலை லடாக், திபெத் மேட்டுநிலங்களுக்குக் கிளம்பிவிடும்.

லாஞ்சில் எல்லோரும் சேவு, குர்குரே வீசுவார்கள். நீங்கள் வீச வேண்டாம். உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது.

பைனாகுலர் என்ன வாங்கலாம்?

8x42, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ் உள்ளது. 10x, 12x என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. செவ்ரிக்கு மட்டும் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் சொர்க்கம். கூட்டத்தில் யாராவது ஒருவர் கொண்டுவருவார், கேட்டால் பார்க்கத் தருவார்கள்.

போட்டோ எடுக்க ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

சேற்றில் இறங்காதீர்கள். பறவைக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தச் சேறு இடுப்பு வரை இழுக்கும். தண்ணீர் ஏறும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிவதும் கைதட்டுவதும் அநாகரிகம். வலசை கிளம்புமுன் உடம்பில் கொழுப்பு சேர்க்கிற நேரத்தில் ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அவற்றின் மேய்ச்சல் கெடுகிறது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். மாகுல், ட்ராம்பே பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. கேமராவை அந்தத் திசையில் நீட்டினால் காவலர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

பார்த்ததை எங்கே பதிவது?

ஈபேர்ட் செயலியில். இனம், எண்ணிக்கை, இடம், நேரம் போட்டால் போதும். கூடவே டைட் நிலையையும் குறித்துவையுங்கள், அடுத்த வருடம் உங்களுக்கே உதவும். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலியில் படத்தைக் காட்டலாம், ஆனால் தூரத்துச் சாம்பல் உள்ளான்களில் அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பிப்ரவரி நடுவில் 4 நாள் உலகம் முழுக்க கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள், மொட்டைமாடிக் காக்கையும் கணக்கில் உண்டு.

அடிபட்ட, செத்த பறவையைப் பார்த்தால்?

தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் பயமும் உண்டு. மகாராஷ்டிர வனத்துறை உதவி எண் 1926. இடத்தைச் சரியாகச் சொல்ல ஃபோனில் லொகேஷன் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

மே மாத லீவில்தான் பிள்ளைகளுக்கு நேரம். அப்போது வரலாமா?

பூநாரைக்காக என்றால் வரலாம், நெருல் பக்கம் மழை தொடங்கும் வரை இருக்க வாய்ப்பு உண்டு. கடற்காகம் போயிருக்கும். உள்ளான்களில் பெரும்பாலானவை போய்விடும், வடக்கே போகாத சில இளம் பறவைகள் மட்டும் சாம்பல் நிறத்தோடு சுற்றும். ஹை டைட் காலை 8 மணிக்குள் வரும் நாளாகப் பார்த்துச் சீவுட்ஸ் போங்கள், அஷ்டமிக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்கள் சரியாக இருக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. 9 மணிக்கு வீடு திரும்பிவிடுங்கள்.